ஓடிடி சந்தா: வருஷ பிளானா, மாச பிளானா? வீட்டு பட்ஜெட்டுக்கு எது சரி?

2025இல் தியேட்டருக்கு வந்த பேசப்பட்ட தமிழ்ப் படங்களை, தியேட்டரில் விட்டுவிட்டு வீட்டு டிவியில் பார்க்கலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்திருந்தால் எத்தனை ஆப் தேவைப்பட்டிருக்கும்? ‘விடாமுயற்சி’, ‘டிராகன்’, ‘குட் பேட் அக்லி’, ‘ரெட்ரோ’, ‘தக் லைஃப்’ எல்லாம் நெட்ஃபிளிக்ஸில் வந்தன. ‘கூலி’யும் ‘வீர தீர சூர’னும் அமேசான் பிரைமுக்குப் போயின. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ ஜியோ ஹாட்ஸ்டாரில். ‘குடும்பஸ்தன்’, ‘மாமன்’ இரண்டும் ஜீ5இல். பத்துப் படத்துக்குக்கூட நான்கு சந்தா!

இதோடு அம்மாவுக்கு சீரியல், அப்பாவுக்கு கிரிக்கெட், தங்கைக்கு ரியாலிட்டி ஷோ, எல்லாருக்கும் பாட்டு. எல்லாவற்றுக்கும் வருஷ சந்தா கட்டிவிட்டு, பாதியை யாரும் திறந்துகூடப் பார்க்காமல் விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ‘மாசம் 149 ரூபாய்தானே’ என்று தொடங்கும் கணக்கு வருஷக் கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம்.

ஒரு வீட்டின் கணக்கு

நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் 2021 டிசம்பர் 14 அன்று விலையைக் குறைத்தது. மொபைல் பிளான் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்ட் 499, பிரீமியம் 649 ரூபாய் என்று ஆனது. (வேடிக்கை என்னவென்றால், பிரைமின் வருஷ சந்தா 999இலிருந்து 1,499 ஆக ஏறியதும் அதே நாளில்தான்.) ஜியோ ஹாட்ஸ்டாரின் விளம்பரமில்லா பிரீமியம் பிளான் 2025 பிப்ரவரியில் அறிமுகமானபோது வருஷத்துக்கு 1,499 ரூபாய். யூடியூப் பிரீமியம் தனிநபர் சந்தா 2024 ஆகஸ்டில் 129இலிருந்து 149 ஆனது.

இந்த விலைகளை வைத்தே கூட்டலாம். நெட்ஃபிளிக்ஸ் ஸ்டாண்டர்ட் 12 மாதத்துக்கு 5,988. பிரைம் 1,499. பிரைமில் விளம்பரம் வேண்டாம் என்றால் அதற்குத் தனியாக 699. ஜியோ ஹாட்ஸ்டார் 1,499. யூடியூப் பிரீமியம் 1,788. மொத்தம் 11,473 ரூபாய். ஜீ5, சன் நெக்ஸ்ட், சோனி லிவ் இன்னும் சேரவில்லை. பிராட்பேண்ட் பில் தனி. கேபிள் கனெக்‌ஷனையும் விடாமல் வைத்திருக்கும் வீடு என்றால் அதுவும் தனி.

இப்போது இதே வீடு வேறு மாதிரி யோசித்தால்? நெட்ஃபிளிக்ஸை வருஷத்தில் நான்கு மாதம் மட்டும் ஸ்டாண்டர்டில் எடுத்தால் 1,996. பிரைமை மாசம் 299 வீதம் இரண்டு மாதம் எடுத்தால் 598. ஐபிஎல் சீசனுக்கு மட்டும் ஜியோ ஹாட்ஸ்டார் சூப்பர் மூன்று மாதம். அறிமுக விலையில் 299. தினமும் ஓடும் யூடியூப் மட்டும் வருஷம் முழுக்க 1,788. கூட்டினால் 4,681. விலை இடையில் கொஞ்சம் ஏறினாலும் வித்தியாசம் பெரிதாகத்தான் இருக்கும். ஐபிஎல்லிலும் பிரைமிலும் விளம்பரத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பார்க்கும் படங்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ரிலீஸான நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. வந்த பிறகு பல மாதம் அங்கேயே இருக்கின்றன. முதல் நாளே பார்த்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லாதவர், மூன்று மாதப் படங்களை ஒரே மாதத்தில் பார்த்து முடிக்கலாம்.

வருஷ பிளானில் என்ன சிக்கல்?

வருஷ பிளான் மலிவாகத் தெரியும். பிரைமை மாதாமாதம் எடுத்தால் 12 மாதத்துக்கு 3,588 ரூபாய். வருஷ சந்தா அதில் பாதிகூட இல்லை. ஆன்லைனில் அடிக்கடி பொருள் வாங்கும் வீடு என்றால் டெலிவரி சலுகைக்காகவே பிரைம் வருஷ பிளான் நியாயம்தான். அதில் சந்தேகமில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பணம் மொத்தமாகக் கட்டிய பிறகு விதிகளை மாற்றும் உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது. பணத்தைத் திரும்ப வாங்கும் வழி சந்தாதாரரிடம் இல்லை. பிரைம் வீடியோவில் 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் விளம்பரம் வரத் தொடங்கியது. அதற்கு முன்பே வருஷ சந்தா கட்டியிருந்தவர்களுக்கும் வந்தது. விளம்பரம் வேண்டாமா? மாசம் 129 அல்லது வருஷம் 699 கூடுதலாகக் கட்டு என்றார்கள்.

கிரிக்கெட் கதை இன்னும் சுவாரஸ்யம். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் டிஜிட்டல் உரிமையை வயாகாம்18 வாங்கியது 23,758 கோடி ரூபாய்க்கு. அவ்வளவு கொடுத்து வாங்கியதை 2023இலும் 2024இலும் ஜியோ சினிமாவில் இலவசமாகவே காட்டினார்கள். 2024 ஏப்ரலில் விளம்பரமில்லா பிரீமியம் சந்தாவை மாசம் 29 ரூபாய்க்கு இறக்கினார்கள். 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் கைகோத்து ஜியோஸ்டார் உருவானது. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோ சினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் ஒரே ஆப் ஆயின. புது ஆப்பில் விளம்பரமில்லா பிளானின் மாச விலை 299. பழைய 29 ரூபாய் பிளானில் ஹாட்ஸ்டார் சரக்கு கிடையாது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனால் இரண்டு கடை இருந்த தெருவில் ஒரு கடை ஆனால் விலைப்பலகை எந்தப் பக்கம் நகரும் என்பது தெரிந்த விஷயம். ஐபிஎல், ஐசிசி போட்டிகள், விஜய் டிவி நிகழ்ச்சிகள், கலர்ஸ் தமிழ் எல்லாம் இப்போது ஒரே கூரையின் கீழ்.

சந்தா கட்டிவிட்டால் படம் அங்கேயே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ‘குட் பேட் அக்லி’யில் தன் பாடல்களை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக இளையராஜா தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025 செப்டம்பரில் படம் நெட்ஃபிளிக்ஸிலிருந்து தூக்கப்பட்டது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் சந்தாதாரரின் கையில் இருக்கும் ஒரே பிடி, அடுத்த மாதம் கட்டாமல் இருப்பதுதான். வருஷ பிளான் எடுத்ததும் அந்தப் பிடி கைவிட்டுப் போகிறது.

மொபைல் பிளான் டிவியில் ஓடாது

பலரும் ஏமாறும் இடம் இது. ரீசார்ஜுடன் ‘ஓடிடி ஃப்ரீ’ என்று வருவதில் கணிசமானவை மொபைல் பிளான்கள். நெட்ஃபிளிக்ஸ் மொபைல் பிளான் போனிலும் டேப்லெட்டிலும் மட்டுமே ஓடும். ஜியோ ஹாட்ஸ்டார் மொபைல் பிளானில் ஒரே ஒரு போன். 43 இன்ச் டிவியில் லாகின் செய்து பார்த்தால் ‘பிளானை மாற்றுங்கள்’ என்று செய்தி வரும், அவசரத்தில் மாற்றிவிடுவார்கள். பிராட்பேண்ட் பேக்குடன் வரும் சந்தா டிவிக்கானதா, எந்த பிளான், எத்தனை மாதம், எந்த மொபைல் நம்பரில் ஆக்டிவேட் செய்ய வேண்டும் என்ற நான்கையும் கனெக்‌ஷன் எடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஏற்கெனவே பிராட்பேண்ட் பில்லில் இருக்கும் ஆப்புக்கே தனியாகவும் பணம் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

4கே டிவி வாங்கியாச்சு, அதனால் 4கே பிளான்தான் வேண்டும் என்பதும் அவசியமில்லை. நெட்ஃபிளிக்ஸ் பேசிக் 720பி தரம், ஒரே ஸ்க்ரீன். தனியாகத் தங்கியிருப்பவருக்கோ, சின்ன ஹாலில் ஒரு டிவி வைத்திருக்கும் தம்பதிக்கோ இதுவே போதும். ஸ்டாண்டர்டுக்கும் இதற்கும் மாசம் 300 ரூபாய் வித்தியாசம். 4கே ஓட குறைந்தது 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. வைஃபை ரூட்டர் ஹாலில் இருந்து, டிவி பெட்ரூமில் இருந்தால் அந்த வேகம் சுவரைத் தாண்டி வருகிறதா என்பதைப் பார்த்துவிட்டு 649 கட்டலாம்.

வேலைக்காக சென்னையிலோ பெங்களூருவிலோ ரூம் எடுத்துத் தங்கி, ஊரில் அப்பா அம்மாவுக்கும் சேர்த்துச் சந்தா கட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவில் பாஸ்வேர்டு பகிர்வை நிறுத்தியது. ஒரு கணக்கு, ஒரு வீடு. மதுரை வீட்டு டிவியில் பதிவான கணக்கை வேளச்சேரி ரூமின் டிவியிலும் நிரந்தரமாக ஓட்ட முடியாது. பிரைம் இதில் கொஞ்சம் தாராளம்: 2025 ஜனவரி விதிப்படி ஐந்து சாதனங்கள், அதில் இரண்டு டிவி. ஊரில் ஒன்று, ரூமில் ஒன்று என்று சரியாகப் பொருந்தும்.

சீரியல் மட்டும்தான் தேவை என்றால் ஓடிடியே தேவையா என்று முதலில் கேட்க வேண்டும். சன் டிவி சீரியல்களுக்கு சன் நெக்ஸ்ட், ஜீ தமிழுக்கு ஜீ5, விஜய்க்கு ஜியோ ஹாட்ஸ்டார் என்று மூன்று ஆப் எடுப்பதைவிட, கேபிள் கனெக்‌ஷனை அப்படியே விட்டுவிடுவது அம்மாக்களுக்கு வசதி. ரிமோட்டில் நம்பர் அமுக்கினால் வந்துவிடும். லாகின், ஓடிபி தொல்லை கிடையாது. ‘கேபிளை கட் பண்ணு’ என்பது தனியாக வாழ்பவருக்கான அறிவுரை. கூட்டமாக இருக்கும் வீட்டுக்கு அது அப்படியே பொருந்தாது.

பாட்டுக்கு ஒரே ஆப் போதும்

இசையில் நிலைமை தலைகீழ். படங்களைப் போல ஒரு பாட்டு ஒரு ஆப்புக்கு மட்டும் என்று பெரும்பாலும் விற்கப்படுவதில்லை. ஆடியோ நிறுவனங்கள் எல்லா ஆப்பிலும் போடுகின்றன, யூடியூபிலும் போடுகின்றன. எப்போதாவது பேச்சுவார்த்தை முறிந்தால் மட்டுமே சிக்கல். 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து காணாமல் போனது அப்படித்தான். அதனால் இரண்டு மியூசிக் ஆப்புக்குப் பணம் கட்டுவதற்குக் காரணமே இல்லை.

இலவசமாகக் கேட்கும் காலம் சுருங்கிக்கொண்டு வருகிறது என்பதும் உண்மை. கானா 2022இல் கட்டணச் சேவையாக மாறியது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு மூடப்பட்டது. விங்க் மியூசிக்கை மூடுவதாக அதே ஆண்டு ஆகஸ்டில் ஏர்டெல் அறிவித்தது. ஸ்பாட்டிஃபை 2023இல் இலவசக் கணக்குகளுக்குப் பல கட்டுப்பாடுகள் போட்டது. வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த பிளேலிஸ்ட்டும் ஆப்போடு போய்விடும் அபாயம் இதில் இருக்கிறது.

வீட்டு டிவியில் காலையில் சுப்ரபாதம், மதியம் சமையல் வீடியோ, ராத்திரி பாட்டு என்று யூடியூப் ஓடிக்கொண்டே இருக்கிறதா? அப்படியென்றால் யூடியூப் பிரீமியம்தான் கொடுத்த காசுக்கு அதிகம் உழைக்கும். விளம்பரமும் போகிறது, யூடியூப் மியூசிக்கும் அதற்குள்ளேயே வருகிறது. ஒரே வீட்டில் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்பவர்கள் என்றால் 299 ரூபாய் ஃபேமிலி பிளான். 89 ரூபாய் லைட் பிளானைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதில் பாட்டு வீடியோக்களுக்கு விளம்பரம் தொடரும், மியூசிக் ஆப்பும் கிடையாது. டிவியில் யூடியூபே பார்க்காத, பஸ்ஸிலும் ஜிம்மிலும் பாட்டு மட்டும் கேட்பவருக்கு ஸ்பாட்டிஃபை போன்ற தனி ஆப் சரி.

நிறுத்துவது எப்படி?

மாசம் மாற்றி மாசம் எடுக்கும் முறை வேலை செய்ய வேண்டுமானால் ஆட்டோபேயைக் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, 15,000 ரூபாய் வரையிலான மாதாந்திரப் பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. முதல் முறை அனுமதி கொடுத்தால் போதும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்பியாக வேண்டும் என்பதும் விதி. அந்த எஸ்எம்எஸ் லோன் ஆஃபர்களுக்கு நடுவே புதைந்து கிடக்கும் என்பது வேறு விஷயம்.

போனிலிருந்து ஆப்பை டெலிட் செய்தால் சந்தா ரத்தாகாது. ஆப்புக்குள் அக்கவுன்ட் பகுதியிலோ, பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே இருக்கும் சப்ஸ்கிரிப்ஷன் பகுதியிலோ ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியைத் திறந்தால் எதற்கெல்லாம் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறோம் என்ற முழுப் பட்டியலும் வரும்; அங்கிருந்தும் நிறுத்தலாம். நெட்ஃபிளிக்ஸில் சேர்ந்த அன்றே கேன்சல் கொடுத்தாலும் கட்டிய மாதம் முடியும் வரை படம் ஓடும். மறுபடி சேரும்போது பழைய புரொஃபைலும் பாதியில் விட்ட சீரிஸும் பெரும்பாலும் அப்படியே காத்திருக்கும். எனவே சேரும் நாளிலேயே கேன்சல் செய்துவிடுவதுதான் மறதிக்கு மருந்து.

கேன்சல் பட்டனை ஒளித்து வைப்பது, ‘நிஜமாகவே போகிறீர்களா’ என்று நான்கு பக்கம் சுற்றவிடுவது போன்றவை ‘சப்ஸ்கிரிப்ஷன் டிராப்’ எனப்படும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. ரத்து செய்த பிறகும் பணம் போனால், ரத்து செய்ததைக் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டையும் வங்கி எஸ்எம்எஸ்ஸையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் செய்யலாம்.