காணிக்கை இடுவோர் கணக்குக் கேட்பது குற்றமா?

தானே கழிமுகப் பாலத்தின் ஒரு கரையில் வாஷி. மறு கரையில் மான்குர்த், அதை அடுத்துக் கோவண்டி. கோவண்டி சிவாஜி நகர்த் தேவாலயம் ஒன்றில் 2015ஆம் ஆண்டு 13 வயதுச் சிறுவன் ஒருவன் பாதிரியார் ஒருவரால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. 2021 டிசம்பரில் மும்பை போக்சோ சிறப்பு நீதிமன்றம் அந்தப் பாதிரியாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பு வருவதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டுகளும் அக்குடும்பத்திற்குத் துணை நின்றிருக்க வேண்டிய திருச்சபைத் தலைமை எங்கே இருந்தது என்ற கேள்விக்குத்தான் இன்றுவரை நேர்மையான விடை கிடைக்கவில்லை.

குடும்பத்தினர் முதலில் நாடியது காவல் நிலையத்தை அல்ல, தங்கள் பேராயரை. பம்பாய் உயர் மறைமாவட்டத்தின் அன்றைய பேராயர் கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ் அவர்களைச் சந்தித்துவிட்டு அன்றிரவே ரோமுக்குப் புறப்பட்டார் என்பதையும், காவல்துறைக்கு உடனடியாகத் தகவல் தரப்படவில்லை என்பதையும் 2019 பிப்ரவரியில் பிபிசி வெளிக்கொணர்ந்தது. விசாரிக்கும் பொறுப்பைத் துணை ஆயரிடம் விட்டுச் சென்றதாக அவர் விளக்கமளித்தார். ஆனால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு ஆயருக்கோ துணை ஆயருக்கோ விலக்கு எதையும் அளிக்கவில்லை. குற்றம் பற்றி அறிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இதில் கொடிய முரண் ஒன்றும் உண்டு. குழந்தைகள் பாதுகாப்பு குறித்து அதே மாதம் வத்திக்கானில் கூட்டப்பட்ட உலக ஆயர் மாநாட்டை ஏற்பாடு செய்ய போப் பிரான்சிஸ் நியமித்த நால்வரில் இந்தக் கர்தினாலும் ஒருவர்.

இதைத் தனிமனிதர் ஒருவரின் தவறு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. வாஷியின் பங்கும் கோவண்டியின் பங்கும் தாராவியின் பங்கும் ஒரே உயர் மறைமாவட்டத்தின் கீழ் உள்ளவை. தாராவியின் ஒற்றை அறைகளிலிருந்து ஓரளவு தலையெடுத்து வாஷிக்கும் நெருளுக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள், ஊரில் எப்படியோ அப்படியே இங்கும், ஞாயிறுதோறும் காணிக்கை இடுகின்றன. திருவிழா வரி செலுத்துகின்றன. கட்டட நிதிக்குச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கின்றன. ஆனால் அந்தப் பணத்தைப் பற்றியும், அதில் எழும்பிய கட்டடத்தைப் பற்றியும், அங்கு நியமிக்கப்படும் பங்குத் தந்தையைப் பற்றியும் முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

கேட்கலாம், தீர்மானிக்க முடியாது

இந்த நிலை தற்செயலாக ஏற்பட்டதல்ல. சட்டமாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 536ஆம் பிரிவின்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை கூறும் அதிகாரம் மட்டுமே உண்டு. 532ஆம் பிரிவின்படி சட்ட விவகாரங்களில் பங்கின் பிரதிநிதி பங்குத் தந்தையே. 1273ஆம் பிரிவின்படி திருச்சபைச் சொத்துகள் அனைத்துக்கும் உச்ச நிர்வாகி போப். உழைப்பவன் தருகிறான், மேலே இருப்பவன் ஆள்கிறான். மார்க்சியம் கற்ற எவருக்கும் இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது.

ஆனால் அதே தொகுப்பின் 1287ஆம் பிரிவு, விசுவாசிகள் அளித்த காணிக்கைக்கு நிர்வாகிகள் விசுவாசிகளிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. 212ஆம் பிரிவு, திருச்சபையின் நலன் குறித்துத் தம் கருத்தை ஆயர்களிடம் தெரிவிப்பது பொதுநிலையினரின் உரிமை மட்டுமல்ல, சில வேளைகளில் கடமையும் ஆகும் என்கிறது. ஆகவே கணக்குக் கேட்பவரைத் திருச்சபையின் பகைவர் என்று தூற்றும் பங்குத் தந்தை, தம் திருச்சபையின் சட்டத்தையே மறுக்கிறார்.

மகாராஷ்டிரத்தில் நாட்டின் சட்டமும் பங்கு மக்களின் பக்கம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் வரம்புக்குள் கோயிலும் மடமும் மட்டுமல்ல, தேவாலயமும் வருகிறது. கணக்கு எழுத வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும். 36ஆம் பிரிவின்படி அறநிலைய ஆணையரின் முன் அனுமதியின்றி அசையாச் சொத்தை விற்கக்கூடாது. சதுர அடிக்கு விலை பேசப்படும் இந்த நகரத்தில், தேவாலய நிலத்தின் மீது கட்டுமான முதலாளிகளின் கண் படாமல் இருக்குமா? மூடிய அறையில் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்கு எதிராகப் பங்கு மக்களின் கையில் இருக்கும் ஆயுதம் இந்தச் சட்டமே.

கேரளம் தரும் பாடம்

கேரளத்தில் எர்ணாகுளம்–அங்கமாலி உயர் மறைமாவட்ட நில விற்பனை 2017இல் வெடித்தபோது, குருக்களும் பொதுநிலையினரும் வெளிப்படையாகவே கர்தினாலுக்கு எதிராக நின்றனர். தம் மீதான குற்றவியல் வழக்குகளை ரத்து செய்யக் கோரிய கர்தினால் ஜார்ஜ் ஆலஞ்சேரியின் மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் பதவி விலகினார்.

இங்கே இடதுசாரிகள் தம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 1957 கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த வி.ஆர்.கிருஷ்ண ஐயர், பின்னாளில் தம் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையத்தின் வழியே, தேவாலயச் சொத்துகளைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அறக்கட்டளைகளின் பொறுப்பில் விடும் வரைவு மசோதாவை 2009இல் முன்வைத்தார். அது சட்டமாகவில்லை. 2019இல் நீதிபதி கே.டி.தாமஸ் ஆணையம் முன்வைத்த வரைவையும், ஆயர்களின் எதிர்ப்பு கிளம்பியதும் இடது ஜனநாயக முன்னணி அரசு கைவிட்டது. 1959 ‘விமோசன சமர’த்தின் நினைவும், வாசலில் நின்ற மக்களவைத் தேர்தலும் அந்த முடிவுக்குக் காரணங்களாக இருக்கலாம். ஆயினும் ஆயர்களின் குரலையே சமூகத்தின் குரலாக எடுத்துக்கொண்டால், கணக்குக் கேட்கும் எளிய விசுவாசி யாரிடம் போய் நிற்பார்?

தமிழகத்தில் இந்தக் கேள்விக்குச் சாதியின் முகமும் உண்டு. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டுப் போராடியதை அடுத்து மூண்ட மோதலில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையத்தில் நிலவும் பாகுபாட்டுக்கு எதிராகத் தலித் கிறிஸ்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. தலித் விடுதலைக் கொள்கை அறிக்கையை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இலேயே வெளியிட்டிருந்தும், அதன் பலன் கல்லறை வாசல் வரைகூட வரவில்லை.

சங் பரிவாருக்கு யார் துணை?

தேவாலயங்கள் தாக்கப்படும் காலத்தில் ஆயர்களை விமர்சிப்பது சங் பரிவாருக்குத் துணைபோவதாகாதா என்று சிலர் கேட்கின்றனர். உண்மையில் துணைபோனவர்கள் யார்? 2023 கிறிஸ்துமஸ் நாளில், மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தபோது, பிரதமர் இல்ல விருந்தில் கலந்துகொண்டு மோடியைப் புகழ்ந்தவர்களில் கர்தினால் கிரேசியஸும் ஒருவர். ‘எங்கள் பெயரால் வேண்டாம்’ என்று நாடெங்கும் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் கையெழுத்திட்டுக் கண்டித்தனர். 2025 மார்ச் இறுதியில், முனம்பம் பிரச்சினையைக் காட்டி, வக்ஃப் திருத்த மசோதாவை ஆதரித்து வாக்களிக்குமாறு கேரள ஆயர்கள் எம்.பி.க்களுக்கு அறைகூவல் விடுத்தனர். மசோதா நிறைவேறிய அதே நாட்களில் ஆர்எஸ்எஸ் ஏடான ‘ஆர்கனைசர்’, கத்தோலிக்கத் திருச்சபையின் நிலங்களைக் குறிவைத்துக் கட்டுரை வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் நீக்கிக்கொண்டது. ஜூலை 25 அன்று சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் இரு கேரளக் கன்னியாஸ்திரீகள் கைது செய்யப்பட்டனர். சிறைக்குச் சென்று அவர்களைச் சந்தித்தவர்களில் இடதுசாரித் தலைவர்களும் இருந்தனர். விருந்து மேசையில் வாங்கிய பாதுகாப்பு ரயிலடி வரைகூடச் செல்லுபடியாகவில்லை.

திருச்சபையை அதன் விசுவாசிகள் ஜனநாயகப்படுத்துவது வேறு. அதன் சொத்துகளை இந்துத்துவ அரசு கைப்பற்றத் துடிப்பது வேறு. முதலாவதை எவ்வளவு தாமதப்படுத்துகிறோமோ, அவ்வளவுக்கு இரண்டாவதற்குச் சாக்குக் கிடைக்கும். வெளிப்படையான கணக்கு இருக்கும் பங்கின் மீது அவதூறு ஒட்டாது.

நவி மும்பையிலும் தாராவியிலும் பணியாற்றும் தோழர்களுக்கு இதில் தெளிவான கடமை இருக்கிறது. விசுவாசியின் நம்பிக்கையோடு நமக்கு வழக்கில்லை. அவர் ஆண்டுக் கணக்கைக் கேட்டால், அறநிலைய ஆணையர் அலுவலகம் வரை உடன் செல்ல வேண்டும். அவர் பிள்ளைக்குக் கொடுமை நேர்ந்தால், ஆயர் இல்லத்துக்கு முன்பாகக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவருடைய தேவாலயத்தின் மீது கல் விழுந்தால், வாசலில் முதல் ஆளாக நிற்க வேண்டும். இம்மூன்றும் ஒரே அரசியலின் பகுதிகள். கோவண்டிக் குடும்பத்தின் ஆறாண்டுக் காத்திருப்பு இனி எந்தக் கரையிலும் எந்தக் குடும்பத்துக்கும் நேரக்கூடாது.