சிறகு முளைத்த காரும் சிறுமைப்பட்ட மனிதரும்

ஒருவர் வந்திறங்கும் காரைக் கண்டவுடனே, அவர் இப்படிப்பட்டவர்தாம் என்று நம் மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. எளிய காரில் வருபவர் அடக்கமானவர். பகட்டான காரில் வருபவர் செருக்குடையவர். இத்தீர்ப்பு நேர்மையானதுதானா? அமெரிக்க நாட்டுக் காடிலாக் காரின் வரலாறு இதற்கு விடை கூறும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராக இருந்தவர் ஹார்லி ஏர்ல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் பி-38 போர் விமானத்திற்கு அமைந்திருந்த இரட்டை வால் அவரது உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் சாயலில், 1948-ஆம் ஆண்டின் காடிலாக் காருக்குப் பின்புறத்தில் இரு சிறகுகள் முளைத்தன. அவை வளர்ந்து வளர்ந்து 1959-இல் உச்சத்தைத் தொட்டன. காரின் ஓட்டத்திற்கு அவை தேவையே இல்லை. தன்னை ஓட்டுபவர் வாழ்வில் வென்றவர் என்று ஊருக்கு அறிவிப்பதே அவற்றின் பணி. நிறுவனம் இரும்பை மட்டுமா விற்றது? ஓர் ஆளுமையையும் சேர்த்தே விற்றது.

ஆனால், அந்த ஆளுமை வாங்கிய எல்லாருக்கும் கிடைத்ததா? 1953-இல் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற நாளில் காடிலாக் காரில் பவனி வந்தார். அது மாண்பு எனப்பட்டது. எல்விஸ் பிரெஸ்லியின் இளஞ்சிவப்புக் காடிலாக் இன்றும் கிரேஸ்லாந்தில் போற்றப்படும் காட்சிப்பொருள். கறுப்பினத்தவர் ஒருவர் அதே காரை வாங்கினாலோ, தகுதிக்கு மீறிய ஆடம்பரம் என்று எள்ளி நகைத்தனர்.

அவர் ஏன் வாங்கினார் என்று நகைத்தவர்கள் கேட்டார்களா? கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த நாடு அது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 1948-இல்தான். தென் மாநிலங்களின் பேருந்துகளில் அவர்களுக்குப் பின்னிருக்கை. பல விடுதிகளில் இடமே இல்லை. உழைத்துச் சேர்த்த பணத்திற்கு விரும்பிய இடத்தில் வீடு கிடைக்கவில்லை, கார் கிடைத்தது. கறுப்பின மக்களின் 'எபனி' இதழ் 1949-இல் இதைப் பற்றித் தலையங்கமே தீட்டியது. பிறர் பகட்டு என்றதை அவர்கள் சமத்துவத்தின் அடையாளமாகக் கண்டனர்.

பழிச்சொல் அத்துடன் நிற்கவில்லை. அரசின் உதவிப் பணத்தில் காடிலாக் வாங்கும் ஏழையைக் கேலிசெய்து 1970-இல் ஒரு பாட்டு வெளிவந்தது. அதை வெள்ளை மாளிகையில் பாடுமாறு பாடகர் ஜானி கேஷிடம் கேட்கப்பட்டது, அவர் பாடவில்லை. ஆயினும் அந்தக் கேலிச் சித்திரம், ஏழைகளுக்கான உதவியைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டோரின் கையில் ஆயுதமாயிற்று. ஒரு காரைப் பற்றிய கேலி, ஏழையின் சோற்றுத் தட்டு வரை நீண்டது!

பகட்டை விரும்பி வாங்கியவர் பழியையும் ஏற்கத்தானே வேண்டும் என்பர் சிலர். பகட்டைக் கண்டிப்பது தவறன்று. ஆனால் கண்டிப்போர், அதை வரைந்தவரையும் விற்றவரையும் விட்டுவிட்டு, வாங்கியவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த நீதி? வாங்கியோரிலும் வலியவருக்கு ஓர் அளவுகோல், எளியவருக்கு வேறோர் அளவுகோலா?

சிறகுகள் மறைந்துவிட்டன, பழக்கம் மறையவில்லை. 2023-இன் இறுதியில் விற்பனைக்கு வந்த டெஸ்லாவின் சைபர்டிரக் வண்டியின் கூர்மையான எஃகு உருவத்தைக் கண்டதுமே, ஓட்டுபவரின் குணத்தையும் அரசியலையும் முடிவுசெய்துவிடுவோர் பலர். காரின் வடிவம் அதை வரைந்தவரின் எண்ணத்தைச் சொல்லும். ஓட்டுபவரின் வாழ்வை அறிய வேண்டுமாயின், அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்க மனமில்லாதவருக்குத் தீர்ப்பிடும் உரிமை ஏது?