போக்கர் கத்துக்கோங்க, ஆனா சம்பளத்தை வைச்சு ஆடாதீங்க



2025 ரிட்டர்ன் சீசன்ல ஒரு தம்பி வந்தார். ஐடி வேலை, 27 வயசு. அவரோட ஏஐஎஸ்ஸைத் திறந்தா, ஆன்லைன் போக்கர்ல ஜெயிச்ச பணம் 90,000 ரூபாய்னு இருந்தது. அதுக்கு 30% வரி 27,000, அதுமேல 4% செஸ். மொத்தம் 28,080 ரூபாய். பெரும்பகுதியை ஆப் கம்பெனியே டிடிஎஸ்ஸா பிடிச்சிருந்தாங்க.

"சார், அதுக்கு முந்தின வருஷம் 1,80,000 விட்டிருக்கேனே, அதைக் கழிக்கக் கூடாதா?" என்று கேட்டார். கூடாது. இந்த நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆக, ரெண்டு வருஷத்தில் 90,000 ரூபாய் நிகர நஷ்டம், அதுக்கு மேல 28,080 ரூபாய் வரி. அந்த நஷ்டத்தை மறைக்க எடுத்த பர்சனல் லோனுக்கு இஎம்ஐ இன்னும் போயிட்டு இருக்கு.

இதைச் சொன்னதும், "சரி, போக்கர் மோசம்னு சொல்ல வர்றீங்க" என்று நினைப்பீங்க. இல்லை. என் கருத்து வேற. போக்கர் கத்துக்க வேண்டிய ஆட்டம். ஆனா அதை ரெண்டாவது வருமானமா நினைக்கிறதுதான் தப்பு.

முதல்ல, ஏன் கத்துக்கணும்? ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம்.

டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் உங்க கையில் ரெண்டு ஆட்டின். மேசையில் விரிச்ச நாலு சீட்டில் ரெண்டு ஆட்டின். இன்னும் ஒரு ஆட்டின் வந்தா ஃப்ளஷ், ஜெயிச்சிடுவீங்கன்னு வைச்சுக்குவோம். பாட்டில் 1,000 சிப்ஸ் இருக்கு. எதிராளி 500 பெட் கட்டுறார். நீங்க 500 போடலாமா?

நீங்க பார்க்காத சீட்டு 46. அதில் ஆட்டின் 9. அதாவது வாய்ப்பு 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. நீங்க 500 போட்டா ஜெயிக்கப்போறது 1,500. நஷ்டம் இல்லாம இருக்கவே 25% வாய்ப்பு வேணும். இதே நிலைமை 100 தடவை வந்தா, சுமார் 20 தடவை 1,500 வரும், 80 தடவை 500 போகும். கையில் இருந்து 10,000 சிப்ஸ் காலி. அதனால ஃபோல்ட் பண்ணணும். எதிராளி 200 மட்டும் கட்டியிருந்தா, தேவைப்படும் வாய்ப்பு 14% சொச்சம்தான். அப்போ தைரியமா போடலாம்.

இதுக்குப் பேர் பாட் ஆட்ஸ். சீட்டு அதேதான், விலை மாறினா முடிவு மாறுது. "நல்ல கம்பெனி, அதனால எந்த விலைக்கும் ஷேர் வாங்கலாம்" என்று நினைக்கிறவங்களுக்கு நான் ஒரு மணி நேரம் பேசுறதை, இந்த ஒரு கை புரிய வைச்சிடும்.

ரெண்டாவது பாடம். கையில் ரெண்டு ஏஸ் வந்தாலும், ஒரே ஒரு எதிராளி ஏதோ ரெண்டு சீட்டோட கடைசி வரை இருந்தா, நீங்க ஜெயிக்கிறது சுமார் 85% தான். மீதி 15% தோல்வி, உங்க தப்பே இல்லாம வரும். முன்னாள் போக்கர் வீராங்கனை ஆனி ட்யூக் 2018ல் எழுதிய 'திங்கிங் இன் பெட்ஸ்' புத்தகத்தின் மையமே இதுதான்: ரிசல்ட்டை வைச்சு, எடுத்த முடிவு நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்லாதீங்க. யாரோ சொன்ன டிப்ஸை நம்பி வாங்கின ஷேர் ஏறிட்டா, அது நல்ல முடிவு ஆகிடாது.

சரி, இவ்வளவு நல்ல ஆட்டத்தை ஏன் பணம் கட்டி ஆடக் கூடாது?

ஒண்ணு, இங்கே புதுசா பணம் உருவாகுறது இல்லை. நீங்க ஜெயிக்கிறது இன்னொருத்தர் தோத்தது. நடுவில் ஆட்டம் நடத்துறவர் ரேக் என்று கமிஷன் எடுத்துடுவார். அதனால மேசையில் இருக்கிற எல்லாரையும் சேர்த்துப் பார்த்தா எப்பவும் நஷ்டம்தான்.

ரெண்டு, "இது திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லிடுச்சே" என்ற வாதம். உண்மைதான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாடு சட்டத்தின் அட்டவணையில் ரம்மியையும் போக்கரையும் சேர்த்தது செல்லாதுன்னு சொன்னது. ஆனா அந்த ஆட்டத்துக்குத் திறமை வேணும்னுதான் கோர்ட் சொன்னது. உங்களுக்கு அந்தத் திறமை இருக்குன்னு சொல்லலை. ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி 11 மணிக்கு உட்கார்ற நீங்க, இதையே தொழிலா வைச்சிருக்கிறவர் எதிரில் உட்கார்றீங்க.

மூணு, சட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, அது திறமை ஆட்டமா இருந்தாலும் சரி, தடை பண்ணுது. பெரிய ஆப்கள் எல்லாம் பண ஆட்டத்தை நிறுத்திட்டாங்க. "விபிஎன் போட்டு வெளிநாட்டு சைட்ல ஆடுறேன்" என்கிறவங்களுக்கு ஒரே கேள்வி: ஜெயிச்ச பணத்தை அவன் தரலைன்னா யார்கிட்ட போய்க் கேட்பீங்க?

2003ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கர், ஆன்லைனில் 86 டாலர் கட்டித் தகுதி பெற்று, உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட்டில் 25 லட்சம் டாலர் ஜெயிச்சார். அவரும் நம்மளை மாதிரி ஒரு அக்கவுன்டன்ட்தான்! ஆனா அந்தப் போட்டியில் ஆடினவங்க 839 பேர். மீதி 838 பேரோட பேர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

அதனால இந்த சனிக்கிழமை இப்படிப் பண்ணுங்க. நாலு நண்பர்கள், ஒரு சீட்டுக்கட்டு, ஆளுக்கு 50 புளியங்கொட்டை. காசு வேண்டாம். வர்ற கைகளில் பெரும்பாலானதை ஆரம்பத்திலேயே ஃபோல்ட் பண்ணிப் பழகுங்க. முடிஞ்சவரை மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பார்த்துட்டு, கடைசியா முடிவு எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் துணிஞ்சு ஆடுங்க. ஒவ்வொரு பெரிய கைக்கும் நோட்டுல எழுதுங்க: எவ்வளவு வாய்ப்பு இருந்தது, என்ன விலை கொடுத்தேன், ஏன் கொடுத்தேன்.

தொடர்ந்து ரெண்டு கை தோத்ததும் "விட்டதைப் பிடிக்கணும்" என்று கை பரபரக்கும். அதை டில்ட் என்பாங்க. அந்தப் பரபரப்பை நல்லா ஞாபகம் வைச்சுக்கோங்க. புளியங்கொட்டைக்கே மனசு இப்படித் துடிக்குதுன்னா, சம்பளப் பணம் போகும்போது என்ன பண்ணும்?

அந்தத் தம்பி இப்போ இஎம்ஐ கட்டி முடிக்கிற வழியில் இருக்கார். எஸ்ஐபி மறுபடி ஆரம்பிச்சிருக்கார், மாசம் 2,000 ரூபாய். இன்னும் போக்கர் ஆடுறார், ரூம்மேட்ஸ் கூட, காசு வைக்காம. நல்லாவே ஆடுறாராம்.