ஒரு பல் குறைச்சா பைக் பறக்குமா? மணவாளக்குறிச்சி ரோட்டுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் கணக்கு

உங்க பைக்கோட முன் ஸ்ப்ராக்கெட்ல எத்தனை பல்? சட்டுனு சொல்லத் தெரியலைன்னா தப்பில்லை. ஆனா, 'முன்னாடி ஒரு பல்லைக் குறைச்சுடு மக்கா, பிக்கப் அள்ளும்'னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. கொஞ்ச நாளா இந்தப் பேச்சு கூடியிருக்கு. அதுக்குக் காரணம் மெக்கானிக் ஷாப்புல இல்லை, வரியில இருக்குன்னு எனக்குத் தோணுது.

2025 செப்டம்பர் 22 முதல் பைக்குகளுக்கான ஜி.எஸ்.டி-யில் 350 சிசி-யில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அந்தக் கோடு வரைக்கும் 28 சதவிகிதமாக இருந்த வரி 18 ஆகக் குறைந்தது. கோட்டைத் தாண்டினால், முன்பு செஸ் சேர்த்து 31 சதவிகிதமாக இருந்தது இப்போது 40. ஆர்15, நின்ஜா 300 எல்லாம் கைக்கு எட்டின மாதிரி ஆச்சு. அதுக்கு மேல கனவு கண்டவங்களுக்கு இன்னும் சில இ.எம்.ஐ தள்ளிப்போச்சு. அப்போ கையில இருக்கிற வண்டியிலயே 'பெரிய வண்டி ஃபீல்' வேணும்னு மனசு கேட்கும்தானே? எக்ஸாஸ்ட், ஈ.சி.யு ட்யூனிங்னு போனா ஆயிரக்கணக்குல செலவு. ஒரு முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு அவ்வளவு ஆகாது. அதான் எல்லாரும் இங்க வந்து நிற்கிறாங்க.

கணக்கைப் பார்ப்போம். ஆர்15 வி3-யில் முன்னாடி 14 பல், பின்னாடி 48. அதாவது முன் ஸ்ப்ராக்கெட் சுமார் 3.43 சுற்று சுற்றினால்தான் பின் சக்கரம் ஒரு சுற்று. முன்னாடி 13 ஆக்கினால் இது 3.69 ஆகும். 7.7 சதவிகித வித்தியாசம். பின் சக்கரத்துக்குப் போகிற இழுவிசை ஒவ்வொரு கியரிலும் அந்த அளவு கூடும், அதே கியரில் எட்டக்கூடிய வேகம் சுமார் 7.1 சதவிகிதம் குறையும். இன்ஜினோட குதிரைத்திறன் ஒரு துளிகூட மாறாது. டாப் கியரில் ஒரு வேகத்துல 8,000 ஆர்.பி.எம்-ல ஓடின இன்ஜின், இனிமே அதே வேகத்துக்கு 8,600-ல கத்தும். நாகர்கோவில்ல இருந்து மதுரை வரைக்கும் நாலு வழிச்சாலையில அந்தச் சத்தத்தோட போய்ப் பாருங்க. காதும் கையும் பதில் சொல்லும், பெட்ரோல் பில்லும் சொல்லும்.

சரி, இது ஏமாத்து வேலையா? இல்லை. கம்பெனிகளே செய்யுறாங்க. கவாஸாகி தன்னோட 2021 நின்ஜா இஸட்எக்ஸ்-10ஆர்-ல முன்னாடி 17 பல்லை அப்படியே வெச்சுக்கிட்டு, பின்னாடி 39-ஐ 41 ஆக்கினது. லிட்டர் கிளாஸ் பைக்குகளோட கியரிங் அவ்வளவு நீளம். யமஹா ஆர்1-ஐ எடுத்துக்கோங்க, 16-க்கு 41. முதல் கியரிலேயே 150 கி.மீ வேகத்தைத் தாண்டும். அந்த வண்டியை மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, கடியப்பட்டணம்னு வீட்டு வாசலை உரசிக்கிட்டுப் போற ரோட்டுல ஓட்டினா, இரண்டாவது கியருக்கே வேலை இல்லை. மாசி மாசம் மண்டைக்காடு கொடைக் கூட்டத்துல 20 கி.மீ வேகத்துல ஊர்ந்தா, இன்ஜின் ரொம்பக் குறைஞ்ச ஆர்.பி.எம்-லதான் இருக்கும். திணறும். கிளட்ச்சைப் பாதி பிடிச்சுக்கிட்டே போகணும், கிளட்ச் பிளேட் தேயும், வண்டி சூடாகும். அந்த மாதிரி வண்டிக்கு முன்னாடி ஒரு பல் குறைக்கிறது நியாயமான வைத்தியம். ஆர்15-க்கு அந்த நோயே கிடையாது. அதோட முதல் கியர் ஏற்கெனவே குட்டை.

ரேஸ்ல இதை எப்படி முடிவு பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா குழப்பம் தீரும். இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கி.மீ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. ரெண்டுக்கும் ஒரே ஸ்ப்ராக்கெட்டோட போக மாட்டாங்க. டிராக்கோட மிக நீளமான நேர்ப்பாதை முடியுற இடத்துல, டாப் கியர்ல இன்ஜின் ரெட்லைனைத் தொடணும். முன்கூட்டியே தொட்டா கியரிங் குட்டை, தொடவே இல்லைன்னா நீளம். அப்புறம் முக்கியமான வளைவுல எந்த கியர் வருதுன்னு பார்த்து, பின் ஸ்ப்ராக்கெட்ல ஒண்ணு ரெண்டு பல் ஏத்தி இறக்குவாங்க. முன்னாடி ஒரு பல்லை மாத்துறது பின்னாடி மூணு, நாலு பல்லை மாத்துறதுக்குச் சமம். அதனால நுணுக்கமான வேலை எல்லாம் பின்னாடிதான்.

நம்ம ஊர்ல அந்த 'நேர்ப்பாதை' எதுன்னு கேட்டா, ஆரல்வாய்மொழிப் பக்கம்னு சொல்லலாம். ஆனா அங்க ஒரு வில்லன் உண்டு. காத்து! ஆனி, ஆடியில மேற்கே இருந்து கணவாய் வழியா வர்ற காத்துக்குத்தான் அத்தனை காற்றாலைகளும் நிக்குது. திருநெல்வேலியில இருந்து திரும்பும்போது அது உங்க நெஞ்சுல மோதும். சின்ன இன்ஜின் வண்டி ஆறாவது கியர்ல மூச்சு வாங்கும், அஞ்சாவதுக்கு இறக்கினா நல்லா இழுக்கும். 'வண்டிக்குப் பிக்கப் இல்லை'னு புலம்புறதுல பாதி இந்தக் கதைதான். ஒரு கியர் இறக்குறதுக்குச் செலவு கிடையாது.

மணவாளக்குறிச்சிக்காரங்களுக்கு மட்டும் இன்னொரு விஷயம். ஐ.ஆர்.இ.எல் ஆலை எடுக்கிற கருமணல்ல இல்மனைட், சிர்க்கான் கூடவே கார்னெட்டும் இருக்கு. கார்னெட்னா உப்புத்தாள்ல ஒட்டுற, இரும்பை அறுக்கிற வாட்டர்ஜெட்ல கலக்கிற சமாசாரம். கடற்கரை ரோட்டுல பறக்கிற மணல் உங்க செயின்ல தடவின லூப்ல ஒட்டினா, செயினே அரத்தாள் ஆயிடும். மேல உப்புக்காத்து வேற. அதனால எடை குறையும்னு அலுமினிய பின் ஸ்ப்ராக்கெட் வாங்குறது டிராக்குக்கு ஓகே, இந்தக் கரைக்கு எஃகுதான். முன்னாடி பல் குறைஞ்சா செயின் இன்னும் சின்ன வட்டத்துல மடங்கி ஓடணும், தேய்மானம் இன்னும் வேகமா வரும். பின்னாடி ஏத்துறது செயினுக்கு நல்லது, ஆனா பல் கூடக்கூட செயின் நீளம் பத்தாம போகும்.

வாரன்ட்டியில இருக்கிற வண்டின்னா, கை வைக்கிறதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டர்ல கேட்டு, பதிலை எழுத்துல வாங்குங்க. பதிவுச் சான்றிதழ் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிடுச்சு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ கிடைக்கலாம். ஆர்.சி-யில பல் எண்ணிக்கை அச்சாகி இருக்காதுதான். ஆனா, கியர்பாக்ஸ்ல இருந்து வேகத்தை அளக்கிற வண்டியில, ஒரு பல் குறைச்சதும் ஸ்பீடோமீட்டரும் ஓடோமீட்டரும் கூட்டிச் சொல்ல ஆரம்பிச்சுடும். மழையில ஈர ரோட்டுல த்ராட்டிலை முறுக்கினா பின் டயர் முன்னைவிடச் சீக்கிரம் வழுக்கும். இதை ரீல்ஸ்ல யாரும் காட்ட மாட்டாங்க.

அப்போ என்ன பண்ணலாம்? ஒரு வாரம் வழக்கமா போற ரூட்லயே போங்க. எந்த கியர், எத்தனை ஆர்.பி.எம்-னு வண்டியை நிறுத்தினப்புறம் போன்ல குறிச்சு வைங்க. டாப் கியரைத் தொடவே இல்லை, முதல் கியர்ல கிளட்ச்சைப் பிடிச்சே கை வலிக்குதுன்னா, உங்க வண்டிக்குக் குட்டை கியரிங் பொருந்தும். பின்னாடி ரெண்டு பல்லோட ஆரம்பிங்க. மாத்தும்போது செயினையும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செட்டா மாத்துங்க. பழைய செயின்ல புது ஸ்ப்ராக்கெட்டைப் போட்டா, நீண்டுபோன செயின் புதுப் பல்லையும் சீக்கிரமே தின்னுடும்.