சட்டவிரோதப் புருஷன்!

நமது குன்றத்தூரில் முகூர்த்த நாட்களில் மலையடிவாரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரியும். விடியற்காலம் முதல் மாப்பிள்ளைகளும் பெண்களும் மாலையும் கழுத்துமாய்ப் படியேறுவதும் இறங்குவதுமாகவே இருப்பார்கள். மேலேயிருக்கும் சாமியின் கலியாணக் கதையோ யாவரும் அறிந்ததே. வேற்றுலகத்திலிருந்து வந்து, வேடன் என்று ஒரு பொய் வேஷமும் கிழவன் என்று இன்னொரு பொய் வேஷமும் போட்டு, பெண்ணின் தகப்பனுக்குத் தெரியாமல் தினைப்புனத்துக்குள் நுழைந்து, அண்ணனுடைய யானையைக் காட்டிப் பெண்ணை மிரட்டிக் கைப்பிடித்த கதை. "நீ எந்த நாட்டான்? எந்த வழியாக உள்ளே வந்தாய்? சீட்டு எங்கே?" என்று அந்தச் சாமியைக் கேட்டவர் எவருமில்லை. கேட்காதது மாத்திரமல்ல, வள்ளி கலியாணம் என்று அதற்கு ஓர் உற்சவமும் வைத்துச் சுண்டலும் கொடுக்கிறார்கள்.

ஆனால் அதே மலையின் நிழலில் குடியிருக்கும் ஒரு பெண்ணின் புருஷனை மாத்திரம் சர்க்கார் கேட்கிறது. அந்தப் பெண் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய்த் திரும்புகிறவள். அவள் பாட்டனும் இவ்வூரான். வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. வரியும் பிடித்துக் கொள்ளுகிறார்கள். அவள் 2021-ஆம் ஆண்டில் மணந்துகொண்ட தோழர் கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்த ஈழத்தமிழர், பெயிண்டு அடிக்கும் தொழிலாளி. மாலை மாற்றிச் செய்துகொண்ட கலியாணம். பிறகு பதிவும் செய்யப்பட்டது. இத்தகைய கலியாணம் செல்லும் என்பதற்கு 1967-ஆம் வருஷத்துச் சட்டத்திருத்தம் இருக்கிறது. ஊரைக் கூட்டவில்லை என்பதற்காக அது கலியாணமல்ல என்று சொல்லக்கூடாதென்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. ஆகவே கலியாணத்தில் கோளாறு ஒன்றுமில்லை. கோளாறு எல்லாம் மாப்பிள்ளை வந்த வழியில்தான் இருக்கிறதாம்!

அவர் எப்படி வந்தார்? 2006-ஆம் வருஷத்தில், யுத்தத்திற்குப் பயந்து, ஏழு வயதுச் சிறுவனாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு படகில் இராமேசுவரம் கரையில் இறங்கினார். பாஸ்போர்ட்டு இல்லை, வீசா இல்லை. குண்டு விழுகிற ஊரில் ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்த ஆபீசில் பாஸ்போர்ட்டு கொடுத்தார்கள் என்று நாமும் கேட்கிறோம். இறங்கிய அன்றே போலீசார் பெயரை எழுதிக் கொண்டார்கள், சர்க்காரே முகாமில் இடம் கொடுத்தது, உதவித் தொகை கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது. இருபது வருஷமாக அவருடைய பெயர் சர்க்கார் புத்தகத்தில் இருக்கிறது. கணக்கெடுக்கும் நாளில் எங்கே வேலையிருந்தாலும் விட்டுவிட்டு முகாமில் போய் நிற்கிறார். இப்படி ஒளியாமல் மறையாமல் கையெழுத்துப் போட்டு வாழ்கிற மனிதருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் "சட்டவிரோதக் குடியேறி" என்பது.

அந்தப் பெண் கையில் ஒரு கட்டுக் காகிதத்துடன் நம்மிடம் வந்தாள். தன் புருஷனுக்குப் பிரஜாவுரிமையாவது, அது இல்லாவிட்டால் மனைவியின் பேரில் ஒரு வீசாவாவது கேட்டு மனு எழுதித் தரவேண்டும் என்றாள். ஓர் ஆபீசுக்குப் போயிருந்தாளாம். அங்கே இருந்த ஒருவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உள்ளூரிலே உனக்கு ஆள் கிடைக்கவில்லையா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. "அண்ணா, இவர் எந்த வழியாக வந்தார் என்று எல்லோரும் கேட்கிறார்கள், நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை" என்றாள். நாம் கல்லூரி வாசல் மிதித்தவரல்ல. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டம் படிக்கிற ஆசாமி. என்றாலும் அந்த ஒரு பேச்சில் விஷயம் முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குப் பட்டது.

சட்டத்தைப் பார்ப்போம். 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவில், இந்தியப் பிரஜையை மணந்துகொண்டவர் ஏழு வருஷம் இங்கே வாழ்ந்திருந்தால் தம்மைப் பிரஜையாகப் பதிவு செய்யும்படி மனுச் செய்து கொள்ளலாம் என்று இருக்கிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அப்பிரிவின் தலைவாசலிலேயே, சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவர் என்று ஒரு காவற்காரனை நிறுத்தியிருக்கிறார்கள். செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டு இல்லாமல் வந்தவனும், சீட்டோடு வந்து தவணை கடந்து தங்கியவனும் அந்தப் பெயருக்குள் அடங்குவார்கள். ஏழு வருஷமல்ல, எழுபது வருஷம் வாழ்ந்தாலும், பத்துப் பிள்ளை பெற்றாலும் உள்ளே விடமாட்டான் அந்தக் காவற்காரன். வீசா என்றாலோ, அதைக் குத்துவதற்குப் பாஸ்போர்ட்டு வேண்டும். இங்கேயே இருந்துகொண்டு அதை வாங்கினாலும், வந்தபோது இல்லாத முத்திரையை இப்போது யார் போடுவது?

இந்தப் பிரிவின் பூர்வோத்தரத்தைத் தோண்டிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. வெள்ளைக்காரனுடைய 1914-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பிரிட்டிஷ் பிரஜையான பெண் ஓர் அந்நியனைக் கட்டிக்கொண்டால் அவளே அந்நியளாகிவிடுவாள். மாட்டுக்குச் சூடு போடுவதுபோல் புருஷன் நாடுதான் பெண்டாட்டிக்கு நாடு. அமெரிக்காவிலும் 1907 முதல் 1922 வரை இந்த யோக்கியதைதான். சுயராஜ்யம் வந்து நாம் சொந்தமாக எழுதிய 1955-ஆம் வருஷத்துச் சட்டத்திலாவது புத்தி வந்ததா என்றால், "இந்தியப் பிரஜைகளை மணந்த பெண்கள்" என்றுதான் முதலில் எழுதினார்கள். அதாவது ஆண்பிள்ளை வெளிநாட்டிலிருந்து பெண்டாட்டி கொண்டுவந்தால் அவள் பிரஜையாகலாம். பெண்பிள்ளை புருஷனைக் கொண்டுவந்தால் அவனுக்கு அந்த வழி கிடையாது. "பெண்கள்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "நபர்கள்" என்று திருத்த 1986-ஆம் வருஷம் வரை ஆயிற்று. வெளிநாட்டில் பிறக்கிற பிள்ளைக்குத் தகப்பன் மூலம் மாத்திரமல்ல, தாய் மூலமும் பிரஜாவுரிமை உண்டு என்று ஒப்புக்கொள்ள 1992 வரை ஆயிற்று. அப்படி ஒரு கையால் கொடுத்ததை 2003-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் மறு கையால் பிடுங்கிக் கொண்டார்கள். சட்டவிரோதக் குடியேறி என்ற பட்டம் சட்டத்தில் ஏறியது அந்தத் திருத்தத்தினால்தான்.

பிடுங்கியது புருஷனுடைய உரிமையை மாத்திரமல்ல. தோழர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-ந் தேதி முதல் இந்த மண்ணில் பிறக்கும் பிள்ளை பிறப்பினாலே பிரஜையாக வேண்டுமானால், தாய் தகப்பன் இருவரும் பிரஜைகளாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் பிரஜையாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. குன்றத்தூரானுடைய பேத்திக்குப் பிறந்த குழந்தை. பால்வாடியில் அகரம் சொல்லுகிறது. அச்சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் அதற்கு இந்த நாடு சொந்தமில்லை! பத்து மாதம் சுமந்தவளின் பிரஜாவுரிமை பிள்ளைக்குப் போகவில்லை. படகில் வந்த தகப்பனின் குற்றம் மாத்திரம் போய்ச் சேர்ந்துவிட்டது. பாட்டன் செய்த பாவம் பேரனைப் பிடிக்கும் என்று புராணிகன் சொன்னால் சிரிக்கிறோம். அதையே சர்க்கார் கெஜட்டில் அச்சடித்தால் சட்டம் என்கிறோம். இவளைப் பிரஜை என்பதா, அல்லது இந்தத் தேசத்தில் வாடகைக்குக் குடியிருப்பவள் என்பதா?

நமது பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூர் சாலையில் போய்ப் பாருங்கள். கொரிய மொழியில் பலகை எழுதிய சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. கார்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த கொரியாக்காரர் தம் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு வரலாம். அவர் வேலை வீசாவில் வந்தால் மனைவிக்கும் உடன்வரும் வீசா உண்டு. அதில் நமக்குப் பொறாமையில்லை. குடும்பத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பது மனுஷத்தன்மைதான். ஆனால் அயல்நாட்டான் நமது நாட்டில் வேலை செய்தால் அவன் பெண்டாட்டிக்குக் கிடைப்பது, இந்த நாட்டுக்காரி சொந்த நாட்டில் வேலை செய்தால் அவள் புருஷனுக்குக் கிடைப்பதில்லை.

சட்டவிரோதமாக வந்தவன் வந்தவன்தானே, அதை எப்படி மாற்றுவது என்று சில கனவான்கள் கேட்பார்கள். மாற்றியே காட்டியிருக்கிறார்கள். 2019-ஆம் வருஷத்தில் ஒரு திருத்தம் செய்து, பாகிஸ்தான், பங்களாதேசம், ஆப்கானிஸ்தானம் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக்கூடாது என்று எழுதினார்கள். 2024 மார்ச்சில் அதற்கு விதிகளும் வந்தன. அப்படியானால் சீட்டில்லாமல் எல்லை தாண்டுவது அழிக்க முடியாத பாவமல்ல. சர்க்கார் விரும்பினால் ஒரு பேனா வரியால் அழிந்து போகும் மை. ஆனால் அந்த மையை அழிக்க மதச்சீட்டு வேண்டும், தேசச்சீட்டும் வேண்டும். இலங்கையின் பெயர் அதில் இல்லை. முஸ்லிம் இல்லை. மதமே இல்லை என்று சொல்லும் நம்மைப் போன்றவன் அந்த மூன்று தேசத்தில் பிறந்து அடிபட்டு ஓடிவந்திருந்தாலும் அவனுக்கும் இடமில்லை. முதலில் ஒரு சாமியைத் தேடிப் பிடித்துக்கொண்டுதான் அவன் எல்லைக்கு வரவேண்டும் போலும். இந்தத் திருத்தத்தை ரத்துச் செய்ய வேண்டுமென்று நமது சட்டசபை 2021 செப்டம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது.

2025 செப்டம்பரில் இன்னொரு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட்டு, வீசா இல்லாததற்காகத் தண்டிக்கமாட்டோம் என்பது அதன் கருத்து. நல்லதுதான், தலைக்கு மேல் தொங்கிய கத்தியை உறையில் போட்டதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் பிரஜாவுரிமையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. சிறைக்குப் போகமாட்டாய், பிரஜையாகவும் மாட்டாய் என்றால் திரிசங்கு சொர்க்கம் என்பது இதுதானே!

நிற்க. 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டில் ஓர் இலங்கைத் தமிழருடைய வழக்கு வந்தது. அவர் தண்டனை பெற்றவர். ஆகவே அவர் கதை வேறு. ஆனால் தன் மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, இந்த நாடு தர்மசாலை அல்ல என்ற கருத்து நீதிபதியின் வாயிலிருந்து வந்தது. அன்று முதல் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, எந்த அகதி வாய் திறந்தாலும் தர்மசாலையா, தர்மசாலையா என்று கேட்கிறார்கள். தர்மசாலைக்கு வருகிறவன் வழிப்போக்கன். குன்றத்தூர்ப் பெண்ணோ வீட்டுக்காரி. தன் வீட்டில் தன் புருஷனோடு இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரி கேட்பதற்கும் தர்மசாலைக்கும் என்ன சம்பந்தம்?

போலிக் கலியாணம் பெருகிவிடும் என்பது மற்றோர் ஆட்சேபனை. பெருகினால் விசாரியுங்கள். ஏழு வருஷம் இங்கே வாழ்ந்ததைப் பார்த்துத்தானே பதிவு செய்கிறீர்கள்? ஏழு வருஷம் வேஷம் போடுகிற புருஷன் இருந்தால், நிஜப் புருஷர்களிலேயே பாதிப்பேரை விட அவன் மேலானவன் என்பது நமது அபிப்பிராயம்.

திரும்பிப் போய் முறைப்படி வீசா வாங்கிக்கொண்டு வரட்டுமே என்றும் சொல்லுகிறார்கள். இந்த யோசனை சொல்பவர்கள் அந்த வழியில் ஒருநாள் நடந்து பார்க்கவேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிரயாணச் சீட்டு வாங்க வேண்டும். இங்கே நாட்டைவிட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும். அங்கே போய் நமது தூதரகத்தில் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வீசா கொடுப்பதும் கொடாததும் அவர்கள் இஷ்டம். 2025 மே மாதத்தில், ஐக்கிய நாட்டு அகதிகள் ஸ்தாபனத்தின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒரு முதியவரை, முன்பு பாஸ்போர்ட்டு இல்லாமல் நாட்டைவிட்டுப் போனாய் என்று சொல்லிப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். கண்டனம் எழுந்த பிறகே விட்டார்கள். அமெரிக்காவிலும் இந்தக் கண்ணிதான். அங்கே திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தவன், அமெரிக்கப் பெண்ணைக் கட்டியிருந்தாலும், வீசாவுக்காக வெளியே போனால் பத்து வருஷம் உள்ளே வரக்கூடாது என்று 1996-ஆம் வருஷத்தில் சட்டம் செய்தார்கள். குடும்பம் பிரிந்து கஷ்டப்படும் என்று நிரூபித்தால் விலக்குக் கேட்கலாம் என்று வழியும் வைத்தார்கள். 2013 முதல் அந்த விலக்கை, புறப்படுவதற்கு முன்பே, உள்ளே இருந்துகொண்டே கேட்டு வாங்கலாம் என்றும் செய்தார்கள். அந்த அரைகுறை இரக்கங்கூட நமது சட்டத்தில் இல்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. 5-வது பிரிவில், இந்தியப் பிரஜையை மணந்து சர்க்காரின் பதிவில் இருக்கும் அகதிக்கு அந்தக் காவற்காரனை விலக்க வேண்டும். 3-வது பிரிவில், தாயோ தகப்பனோ ஒருவர் பிரஜையாக இருந்தால் பிள்ளை பிரஜை என்ற 1987-ஆம் வருஷத்து நிலைமையைத் திரும்ப வைக்க வேண்டும். அதுவரையில், வேலை செய்யும் இடத்தில் மனைவியோடு குடியிருக்க முகாம் அதிகாரிகள் தடை சொல்லக்கூடாது. இந்த மூன்றையும் நமது தொகுதிப் பார்லிமெண்டு மெம்பருக்கு எழுதியிருக்கிறோம்.

அந்தப் பெண்ணுக்கும் மனு எழுதிக் கொடுத்தாய்விட்டது. மதுரைக் கிளை ஹைகோர்ட்டு 2019 ஜூனில், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களிலிருந்த மலையகத் தமிழர்களின் மனுக்களைப் பதினாறு வாரத்துக்குள் பரிசீலிக்கச் சொன்ன தீர்ப்பையும் அதில் குறித்திருக்கிறோம். அவர்கள் இந்திய வம்சாவளியினர், இவர் அப்படியல்ல. இருந்தாலும் பதில் சொல்லாமல் மனுவைப் பெட்டியில் போட்டு வைக்கக்கூடாது என்பதற்காவது அது உதவும். "மனு செய்பவரோடு உறவு" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். "புருஷன்" என்று எழுதச் சொன்னோம். மனுவின் நகல் நம்மிடம் இருக்கிறது. இதே நிலையிலுள்ள தோழர்கள், முக்கியமாகப் பெண் தோழர்கள், கலியாணப் பதிவுச் சீட்டு, முகாம் அடையாளச் சீட்டு, குழந்தையின் பிறப்புச் சீட்டு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு எந்த ஞாயிற்றுக்கிழமையும் வாசகசாலைக்கு வரலாம்.