தொன்மைக்குச் சான்று அவாவன்று, அடுக்கே!

பழமை பேசுதல் எளிது; பழமையை நிறுவுதல் அரிது. ஓர் எலும்பைக் கையிலேந்தி, "உலகில் மூத்தது இதுவே" என்று முழங்குதற்கு நாவொன்று போதும். அவ்வெலும்பு கிடந்த மண் எது, அதன் மேற் படிந்தது எது, கீழ்க் கிடப்பது எது, அவற்றின் அகவை யாது என்று கண்டு சொல்லுதற்கோ ஒரு வாழ்நாளும் போதாது. முழங்கியவர்க்கு மாலை விழுகின்றது. மண்ணை அளந்தவர் பெயரோ மறைந்தொழிகின்றது. இம் முறைகேட்டினும் கொடியது ஒன்றுண்டு. அறிவியல் தன் கணக்கைத் தானே திருத்திக்கொண்டால், "பார்த்தீர்களா? எல்லாம் பொய்!" என்று கைகொட்டி நகைக்கும் கயமையே அது. இவ்விரண்டையும் அறிவுடையோர் இனியும் பொறுத்திருத்தல் ஆகாது.

இரண்டற்கும் ஒருங்கே விடையிறுக்கும் வழக்கொன்று கென்ய நாட்டிலே நடந்தது. அந்நாட்டின் வடக்கே, துருக்கானா ஏரியின் கீழைக்கரையில் உள்ளது கூபிபோரா. 1969-இல் அங்கே எரிமலைச் சாம்பற் படிவொன்றிற் கற்கருவிகள் கிடைத்தன. கண்டவர் கே பெரென்சுமேயர் என்னும் நிலவியல் மாணவியார். அவ்விடம் அவர் பெயராலேயே வழங்க, அச்சாம்பலும் கே.பி.எசு. படிவு எனப் பெயர்பெற்றது.

அதன் அகவையைக் கணிக்கும் பொறுப்பு பிட்சு, மில்லர் என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர்பால் விடப்பட்டது. முதலிற் கிடைத்த விடை ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகள்! மாந்தன் என்ற சொல்லுக்கே இடமில்லாத காலம் அது. பழம்பாறைத் துகள்கள் சாம்பலொடு கலந்திருந்தமையால் வந்த கேடு இஃதென்று உணர்ந்து, தூய துகள்களைத் தெரிந்தெடுத்து மீண்டும் கணித்தனர். 26 இலக்கம் ஆண்டுகள் என்னும் விடை 1970-இல் வெளிவந்தது.

1972-இல் அப்படிவுக்குக் கீழே, பெர்னார்டு எங்கேனியோ என்னும் கென்யர் மண்டையோட்டுச் சில்லுகள் சிலவற்றைக் கண்டார். அவற்றைப் பொருத்திய போது உருப்பெற்றதே 1470 என்னும் எண்ணாற் புகழ்பெற்ற தலை. சாம்பலுக்கே 26 இலக்கம் எனின், அதன்கீழ்க் கிடந்த தலைக்கு அதனினும் மிகுதியன்றோ? ஆய்வுக்குழுவின் தலைவரான இரிச்சர்டு இலீக்கி, ஏறத்தாழ 29 இலக்கம் ஆண்டுகள் என்று உலகுக்கு அறிவித்தார். அவ்வெண் நிலைத்திருக்குமாயின், சிறுமூளை படைத்த ஆத்திரலோபித்தேக்கசு இனத்தை மாந்தக் குடிவழியினின்றே விலக்க நேர்ந்திருக்கும். ஒரு பிடிச் சாம்பலின் மேல் மாந்தக்குலத்தின் வரலாறே ஏறி நின்றது!

இதனை எதிர்த்துச் சான்று பகர்ந்தவை பன்றிகள். ஏரியின் வடபால், எத்தியோப்பிய நாட்டின் ஓமோ ஆற்றுப் படுகையில், பிராங்கு பிரௌன் என்னும் நிலவியலார் சாம்பல் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிரல்படுத்திக் காலங் கணித்திருந்தார். அங்கே ஏறத்தாழ 20 இலக்கம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த பன்றியினத்தின் பற்களும், கூபிபோராவில் அச்சாம்பலுக்குக் கீழ்க் கிடைத்த பற்களும் ஒத்திருத்தலைப் பேசில் குக்கு எடுத்துக்காட்டினார். ஒரே ஏரியின் இரு புறத்தும் ஒரே பன்றி ஆறு இலக்கம் ஆண்டு இடைவெளியில் வாழ்ந்ததோ? "அங்கே சூழல் வேறு, இங்கே சூழல் வேறு, ஆகவே பன்றி வளர்ச்சியுற்ற விரைவும் வேறு" என்று விடை புனைந்தனர். எண்ணைக் காப்பதற்காகப் பன்றியின் மேற் பழி போட்டனர்!

பெர்க்கிலியில் கார்னிசு கர்ட்டிசு குழுவினர் தாமே கணித்து, ஓரிடத்துச் சாம்பலுக்கு 18.2 இலக்கம், பிறிதோரிடத்துச் சாம்பலுக்கு 16 இலக்கம் என 1975-இல் வெளியிட்டனர். எதிர்ப்புறத்தாரோ 1976-இல் 24.2 இலக்கம் என்று சற்றே இறங்கிவந்தனர். யுரேனிய அணு பிளந்து விட்டுச்செல்லும் தடங்களை எண்ணும் வேறொரு முறையும் அவ்வாண்டில் 24.4 இலக்கம் என்று அவர்கட்குத் துணைநின்றது. வழக்கு ஒருபுறஞ் சாய்ந்துவிட்டதெனவே பலரும் எண்ணினர்.

தீர்ப்பளித்தது எது? இலீக்கியின் புகழன்று, கேம்பிரிட்சின் பெருமையன்று, பெர்க்கிலியின் பெருமையுமன்று. சாம்பலே தீர்ப்பளித்தது. ஒவ்வொரு முறை எரிமலை வெடிக்கும் போதும் அதன் சாம்பலிற் கலந்துள்ள தனிமங்களின் அளவு வேறுபடுகின்றது. கைவிரற் பதிவு ஆளை அறிவிப்பது போல் அவ்வளவு வெடிப்பை அறிவிக்கும். தூரே செர்லிங்கு, பிரௌன் முதலியோர் அப்பதிவை ஒப்பிட்டு, கூபிபோராவின் கே.பி.எசு. சாம்பலும் ஓமோவின் ஓர் அடுக்கும் ஒரே வெடிப்பின் மக்கள் என்று 1979-இற் காட்டினர். ஆத்திரேலிய நாட்டுக் கான்பெராவில் இயான் மெக்டூகல் இருமுறைகளிற் கணித்து, 1980-இலும் 1981-இலும் ஏறத்தாழ 18.8 இலக்கம் ஆண்டுகள் என்று நிறுவினார். அணுத்தட முறையினாற் பிழையான எண்ணைத் தந்த மூவருள் ஒருவரான கிளிடோவே, 1980-இல் அதே முறையை மேலுந் தூயதாக்கிக் கணித்து 18.7 இலக்கம் என்றார். வழக்கு முடிந்தது. 29 இலக்கத்தின் மேல் ஏறி நின்ற தலை, ஏறத்தாழ 20 இலக்கத்திற்கு இறங்கித் தனக்குரிய இடத்தில் அமர்ந்தது.

இங்கேதான் கைகொட்டுவோர் எழுகின்றனர். "22 கோடி என்றார், 26 இலக்கம் என்றார், 19 இலக்கம் என்கிறார், நாளை என்ன சொல்வாரோ!" என்கின்றனர். இவர்கள் கேளாத ஒன்றை இங்குக் கேட்டாக வேண்டும்: அப்பிழையைக் கண்டுபிடித்தவர் யார்? இவர்களா? இவர்தம் ஏட்டுச் சுவடிகளா? நிலவியலார் பிழையை நிலவியலாரே கண்டனர்; அளந்தவரே மீண்டும் அளந்து தம் எண்ணைத் தாமே வீழ்த்தினர். பொட்டாசியத்தின் ஒரு வகை அணு, 125 கோடி ஆண்டுகளிற் பாதியாகும் வண்ணம் மிக மெல்லச் சிதைந்து, அதன் ஒரு கூறு ஆர்கான் வளியாக மாறுகின்றது. எரிமலைக் குழம்பு உருகிக் கிடக்கும் போது அவ்வளி வெளியேறிவிடும். குளிர்ந்து இறுகிய பின் பிறக்கும் வளி கல்லுக்குள்ளேயே சிறைப்படும். சிறைப்பட்டதை அளந்தால் குளிர்ந்த காலம் விளங்கும். இதில் மாயமும் இல்லை, மறைபொருளும் இல்லை. பழந்துகள் ஒன்று கலந்தாலும் கணக்குக் கெடும் என்பதே இடர்ப்பாடு. அதனாலேயே துகள் பொறுக்குதல் தவமாயிற்று. அணு, தனிமம், தடம், பன்றிப் பல் என ஒன்றையொன்று அறியாச் சான்றுகள் நான்கும் ஒரே எண்ணிற் கூடுமாயின், அதனைப் பொய்யென்பவன் கண்ணை மூடிக்கொண்டு ஞாயிற்றை மறுப்பவனேயாவான்.

நிலவியலார் அகவையைக் குறைப்பவர் என்றும் எண்ணற்க. தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்திற் கிடைத்த தலைக்கு ஏறத்தாழ 6 இலக்கம் ஆண்டு என்று கருதியிருந்த போது, 17.5 இலக்கம் என்று 1961-இற் காட்டியவர் அதே கர்ட்டிசும் எவர்ண்டனுமே. ஓமோவின் கிபிசுப் பகுதியில் 1967-இற் கிடைத்த நம்மினத்து எலும்புகட்கு 1,30,000 ஆண்டுகள் என்றிருந்ததை, மெக்டூகல், பிரௌன், பிளீகிள் மூவரும் 2005-இல் 1,95,000 என உயர்த்தினர். 2022-இல் வேறொரு குழு, மேற்கிடந்த சாம்பலின் மூலவெடிப்பைக் கண்டு, குறைந்தது 2,33,000 ஆண்டுகள் என அதனையும் உயர்த்தியது. ஏறுவதும் இறங்குவதும் சான்றின்வழியே. பிரௌன் 2017-இல் மறைந்தார். அரை நூற்றாண்டு அடுக்கடுக்காய் அவர் வகுத்த காலநிரலின் மேலேயே துருக்கானாப் படுகையின் புகழ்பெற்ற தலைகளெல்லாம் இன்றும் நிற்கின்றன. அத்தலைகளை அறிந்தார் பலர். அவரை அறிந்தார் எத்துணையர்?

இப்பாடம் கென்யர்க்கு மட்டும் உரியதன்று. திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இற் கற்கருவிகளைக் கண்டறிந்த இராபர்ட்டு புரூசு பூட்டும் நிலவியலாரே. அங்குச் சாந்தி பப்பு குழுவினர் முறையாக அகழ்ந்து, மண்ணுக்குள் மறைந்த பின் கல்லில் தேய்ந்துவரும் அணுக்களை அளந்து, அக்கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுப் பழமையன என்று 2011-இல் நிறுவினர். அடுக்கும் அளவும் தந்த பெருமை அது, எவராலும் அசைக்கவொண்ணாதது. ஆனால் அக்கருவி செய்தோனின் எலும்பு ஒன்றேனும் அங்குக் கிடைக்கவில்லை. கல் மொழி பேசுவதுமில்லை. அதனைக் காட்டி, "15 இலக்கம் ஆண்டுகட்கு முன்னரே தமிழ் பேசினர்" என்று மேடையேறி முழங்குவோர் தமிழுக்கு மாலை சூட்டுவதாக எண்ணிச் சேறு பூசுகின்றனர். அவ்வொரு பொய்யைப் பிடித்துக்கொண்டு பகைவர் நம் மெய்களையெல்லாம் நகைப்புக்கு இடமாக்குவர். உண்மையே போதுமான அளவு பெரிதாயிருக்கும் போது, அதற்குப் பொய்ம்முடி எதற்கு?

ஆகவே, எவர் எத்தொன்மை கூறினும், எந்த அடுக்கு, எந்த முறை, எத்துணைச் சான்று என்று கேட்க. கேட்பது மாற்றானை மட்டுமன்று, நம்மவரையுங் கேட்க. விடை தருவோர்க்குத் தலைவணங்குக; தாராதார்க்குச் செவி சாய்க்கற்க. 29 இலக்கம் என்ற முழக்கம் பத்தாண்டும் நிலைக்கவில்லை. 18.8 இலக்கம் என்று மெல்லச் சொன்ன சாம்பல் இன்றும் அசையாது கிடக்கின்றது!