வீட்டைத் திருத்தும்போது நம்மையும் கேட்கட்டும்



மகள் பிறந்ததுமே அவளுக்கொரு வீட்டை நினைத்துக் கல்லும் மண்ணும் சேர்க்கிற கரை எங்களுடையது. யுத்தமும் 2004 சுனாமியும் எத்தனையோ வீடுகளைக் கொண்டுபோயின. ஒலுவில் துறைமுக வேலை தொடங்கிய பின் கடலரிப்பும் சேர்ந்தது. வீட்டுத்திட்டங்கள் வந்தன. ஆனால் குசினி எந்தப் பக்கம் வேண்டும், மலசலகூடம் எங்கே இருந்தால் இரவில் பயமில்லாமல் போகலாம் என்று என்னிடம் எவரும் கேட்கவில்லை. உங்களில் பலருக்கும் இதுதான் அனுபவம்.

தூரத்தில் இன்னொரு ஊர்ப் பெண்கள் இதைக் கேட்க வைத்தார்கள். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஆற்றோரமாகக் கப்பல் கட்டிய பகுதி கோவன். விக்டோரியா மகாராணி காலத்துக் கல் மாடிவீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒரு படிக்கட்டில் பல குடும்பங்கள். ஓரிரு அறைக்குள் முழுக் குடும்பமும் வாழ்ந்தது. மலசலகூடம் படிக்கட்டுத் திருப்பத்தில், பொதுவாக இருந்தது.

1915இல், ஆண்கள் பலர் முதலாம் உலக யுத்தத்துக்குப் போயிருந்த வேளையில், சொந்தக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பரும் அயல் பெண்களும் கூட்டிய வாடகையைக் கட்ட மறுத்தார்கள். வெளியேற்ற ஆள் வந்தால் மணி அடிப்பார்கள். பெண்கள் ஓடிவந்து படிக்கட்டை அடைத்து நிற்பார்கள். அவ்வருடம் முடியுமுன்பே, வாடகையை யுத்தத்துக்கு முந்திய அளவில் நிறுத்தும் சட்டம் பிரிட்டனில் வந்தது. 2018 மார்ச் 8ஆம் திகதி கோவனில் மேரிக்குச் சிலை திறந்தார்கள்.

1970களில் வேறொரு சோதனை வந்தது. பழைய மாடிவீடுகளை நகரமெங்கும் இடித்துக்கொண்டிருந்தார்கள். கோவன் மக்களோ, "இடிக்க வேண்டாம், திருத்தித் தாருங்கள்" என்றார்கள். இளம் கட்டடக்கலைஞர்கள் அவர்களோடு இருந்து வேலைசெய்து, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குளியலறையும் மலசலகூடமும் அமைத்தார்கள். குடியிருப்பவர்களே வீடமைப்புச் சங்கம் அமைத்து நிர்வகித்தார்கள். அந்தக் கட்டடக்கலைஞர்களில் ஒருவரான ரேமண்ட் யங் 2013இல் எழுதிய நூலின் பெயரே 'ஆனியின் மலசலகூடம்'. வீட்டுக்குள் மலசலகூடம் கேட்ட ஒரு பெண்ணின் பெயர் அது.

சகோதரிகளே, ஆனி கேட்டது சின்னக் காரியம்தான். ஆனால் அந்த வீட்டில் அன்றாடம் புழங்கியவள் அவள். எங்கே இடிக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்பது புழங்குகிறவளுக்குத்தானே தெரியும்?

அடுத்த முறை வீடு திருத்த யாராவது வந்தால், வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கணவர் இல்லை, வாசிக்கத் தெரியாது என்று ஒதுங்காதீர்கள். அயலில் நாலைந்து பேர் சேர்ந்து, தேவையை எழுதிப் பிரதேச செயலகத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். வீட்டின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.